பக்கத்து வூட்ல இன்னா வேலி?

சிரிங்க நைனா, நல்லா சிரிங்க. ஃபோர்த் பாரம் தேறாதவன் இன்னாத்த எழுதிக் கிழிக்கப்போறான்னுதானே சிரிக்கிறீங்க? என்னிக்காவது ஒரு நாள் கடை வாசல்ல நின்னு ஜனங்க கிட்ட பல்ல காட்டியிருந்தீங்கன்னா, இந்நேரம் என்னைக் கட்டிப் புடிச்சிகினு அழுதிருப்பீங்க. வேலி வியாபாரத்துல ஒரே சட்டம்தான் கீது. வாங்க வர்றவன் எவனும் தன் மனைய பாத்து வாங்கமாட்டான், பக்கத்து மனைய பாத்துதான் வாங்குவான்.

மாம்பலம் ஸ்டேஷனாண்ட காதர் பாயோட கட்டைத் தொட்டில, அதான் மரக்கடைல, எனக்கு வேலை. ஏரிய தூர்த்து மனை போட்டு, மயிலாப்பூர்லேர்ந்து ஜனங்க மூட்டை கட்டிகினு வந்து புதுசா வூடு கட்டிகினு இருந்த சமயம். சவுக்குக் கட்டை, மூங்கில் தட்டி, பனமட்டை, இதான் எங்க சரக்கு. பாய் ஒரு நாள் ரயில் பாதை ஓரமா கட்டியிருந்த முள்கம்பிய பாத்துட்டாரு. "அரே, இனிமே இதான்டா மார்க்கெட்டு"ன்னு அறுபது சுருள் கொண்ணாந்து எறக்கிட்டாரு. ஒண்ணு கூட நவுறல. தொட்டிக்குக் கூரையும் கிடையாது. "ஏகாம்பரம், ஐப்பசி மழைக்குள்ள வித்துடு. நனைஞ்சா துருதான். அப்பால நானும் இல்ல, நீயும் இல்ல"ன்னாரு. இந்த வேலையும் போச்சுன்னா ரங்கூனுக்குக் கப்பல் ஏத்தி, சித்தப்பனோட அரிசி மில்லுல தள்ளிடுவேன்னு எங்கப்பன் வேற மெரட்டிகினு இருந்தாரு.

மொதல்ல அவர் போடட்டும்

சேஷாத்ரி அய்யர்னு ஒருத்தர். பெரிய ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவரு. வூடு கட்டி முடிச்சிட்டு வேலி பாக்க வந்தாரு. ஒரு மணி நேரம். கட்டைய தட்டிப் பாத்தாரு, தட்டிய மோந்து பாத்தாரு, கம்பி முள்ள ஒண்ணொண்ணா எண்ணினாரு. எல்லாத்துக்கும் வெலை கேட்டாரு. நான் தொண்டை வத்தி நிக்கிறேன். "எதை சாமி வண்டில ஏத்தட்டும்?"னு கேட்டேன்.

இவரு மட்டும்னா பரவால்ல. அந்தத் தெருவுல எட்டு வூடு, எட்டு பேரும் இதே கணக்கு. மொதல்ல எவன் போடுறானோ அவன் ஏமாந்தவன். அதனால ஒருத்தனும் போடல, மாடுங்க மட்டும் எல்லா வூட்டுக்குள்ளயும் சுதந்திரமா போய் வந்துகினு இருந்துச்சு. அய்யர் குடைய விரிச்சிகினே சொன்னாரு: "மூணு பக்கமும் பக்கத்தாத்துக்காரா எப்படியும் போட்டுடுவா. நேக்கு வாசலுக்கு ஒரு கேட்டு மட்டும் குடுடா அம்பி."

அந்தப் பக்கம் போய் நில்லு

சாம்பிளுக்குன்னு தொட்டி வாசல்ல ரெண்டு கல்தூண் நட்டு கம்பி இழுத்துக் கட்டியிருந்தேன். மயிலாப்பூர்லேர்ந்து ஒரு மாமி குதிரை வண்டில வந்து எறங்கினாங்க. "டேய், அந்தப் பக்கம் போய் நில்லு"ன்னாங்க. நின்னேன். "உக்காரு." உக்காந்தேன். "முதுகைக் காட்டு." காட்டினேன். உச்சி வெயில், கால் பொரியுது. ரோட்ல போறவனெல்லாம் நான் ஏதோ திருடி மாட்டிகினேன்னு நெனைச்சி வேடிக்கை பாக்கறான்.

கடைசில மூங்கில் தட்டியே போதும்னுட்டாங்க. கம்பிக்கு இன்னா கொறைச்சல்னு கேட்டேன். "தட்டின்னா ஓட்டை போட்டு நான் பக்கத்தாத்துக்காரியைப் பாத்துப்பேன், அவளுக்கு என்னைத் தெரியாது. இதுல அவளுக்கும் தெரியறதேடா!"

குத்தாத முள்ளு

அடையாறுல ஒரு வக்கீல். தொரை பங்களா மாதிரியே கம்பி வேலி வோணும்னு கார்ல வந்தாரு. இருபது சுருள் கேட்டாரு. பாய் என் முதுவுல தட்டிட்டு அவருக்கு சோடா வாங்க ஆள் அனுப்பினாரு. எனக்கு மனசுக்குள்ள ரங்கூன் கப்பலே கவுந்துடுச்சு.

சோடாவ குடிச்சிட்டு வக்கீல் என்னை ஓரமா கூப்புட்டாரு. பின்பக்கத்துக்கு மட்டும் முள்ள மழுக்கிக் குடுக்கணுமாம். ஏன்னு கேட்டேன். "கிளப்புலேர்ந்து லேட்டா வந்தா, நானே அந்தப் பக்கமாத்தான்டா ஏறிக் குதிக்கணும்!" மழுக்க முடியாதுன்னு சொன்னதும் இருபது சுருளையும் வுட்டுட்டுக் கார்ல ஏறிட்டாரு. குடிச்ச சோடா மட்டும் குடிச்சதுதான்.

வாய் ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம்

பொரட்டாசில ஒரே வாரம். ஜனங்களுக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு. தட்டிய திரும்பிப் பாக்க ஆளில்ல. எல்லாரும் முள்கம்பி, முள்கம்பின்னு ஓடியாறாங்க. சேஷாத்ரி அய்யர் குடை கூட இல்லாம மூச்சு எறைக்க வந்தாரு. பக்கத்து வூட்டு காண்ட்ராக்டர் கோவிந்தசாமி நாயுடு எல்லைக் கல்ல தாண்டி ஒரு அடி உள்ள தள்ளி வேலி போடப்போறாராம், அதுக்கு முன்னாடி இவரு போட்டாவணுமாம். அவரு போன தூசு அடங்கல, நாயுடு வந்தாரு. அய்யர் ஒரு அடி உள்ள வரப்போறாராம்!

பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு பேரும் போட்டுட்டாங்க. இவரு வேலி ஒண்ணு, அவரு வேலி ஒண்ணு, நடுவுல ஒரு முழம் சந்து. மறுநாள் நாயுடு வூட்டுக் கன்னுக்குட்டி அந்தச் சந்துல பூந்து மாட்டிகிச்சு. முன்னாலயும் போவல, பின்னாலயும் வரல. கம்பிய வெட்டலாம்னா, யார் கம்பிய வெட்டுறது? ரெண்டு பேரும் அவனவன் கம்பிக்குக் காவல் நிக்கிறாங்க. கன்னுக்குட்டி கத்துது. வைக்கோலாவது போடுங்க நாயுடுன்னு கெஞ்சினேன். மீசைய தடவிகினு அவரு சொன்னாரு: "வாய் அய்யர் பக்கம் திரும்பிகினு கீது நைனா, வைக்கோல அவரே போடட்டும்!"

கிணத்து மேல கம்பி

அந்த ரெண்டு வூட்டுக்கும் எல்லைல ஒரே கிணறு. ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வெட்டினது. காலைல நாயுடு சம்சாரம் ராஜம்மாவும் அய்யர் மருமவளும் ஒண்ணா நின்னு எறைப்பாங்க. மருமவ ஏழு மாச கர்ப்பிணி. ராஜம்மா அந்தப் பொண்ண கயித்தைத் தொடவே வுடாது. வேலி போட்டப்ப கிணத்தாண்ட வளைச்சிப் போட ரெண்டு பேருக்கும் மனசு வரல. வளைச்சா எடம் போயிடுமாம். நேரா கிணத்து வாய் மேலயே கம்பிய இழுத்துட்டாங்க, இவரு மூணு வரிசை, அவரு மூணு வரிசை. பக்கெட்டு எறங்கல. படிச்ச மனுசனுங்க, சொந்தக் கிணத்துக்கே முள்ளு போட்டு மூடிகினானுங்க!

பாய் கடைசி சுருள வண்டில ஏத்தி அனுப்பிட்டு, வாய் கொள்ளாத சிரிப்போட நின்னாரு. அப்போ ராஜம்மா தொட்டி வாசல்ல வந்து நின்னுச்சு. தலைல ஒரு கொடம், இடுப்புல ஒரு கொடம். தெருக்கோடி குழாய்லேர்ந்து ரெண்டு வூட்டுக்கும் அதுதான் தண்ணி தூக்குது. பின்னாலயே அய்யர் மருமவ, கைல ஒரு சொம்போட. வேற எதையும் தூக்க அந்தம்மா வுடல போல. ராஜம்மா என்னைப் பாத்து, கொடத்த எறக்காமயே கேட்டுச்சு: "ஒரு அடி உள்ள வரப்போறாங்கன்னு ரெண்டு வூட்லயும் மொதல்ல சொன்னவன் யாருடா? அவன் கைல இந்தக் கொடத்த குடு, மூணு மாசம் தூக்கட்டும்."

"தெரியாதுக்கா"ன்னு சொன்னேன். இவ்ளோ நேரம் ஊர்ல இருக்கறவனையெல்லாம் திட்டித் தீத்தேனே, அந்த 'ஒரு அடி' பேச்சை ஒரு வூடு வுடாம படியேறிப் போய்ச் சொல்லிட்டு வந்தவன் நான்தான்.