அத்தையைக் கண்காணித்த நாட்கள்

ஏழரை மணிக்கு அந்தத் தொடரின் இசை கேட்டதும் அத்தை போட்டது போட்டபடி எழுந்துபோய், தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அத்தை என்றால் என் மாமியார். திருவொற்றியூரில் எங்கள் கூடம் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். அதில் அவர் முதுகு பாதித் திரையை மறைத்துவிடும். வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த துப்பறியும் தொடர் அது. போலீசாருக்குத் துப்பு கிடைக்காதபோது ஒருவனை அழைத்துவருவார்கள். அவன் போலீஸ்காரன் இல்லை, ஆனால் கண் பொல்லாதது. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து ஆள் எங்கே போய்வந்தான் என்பான். சட்டைப் பித்தானைப் பார்த்து யாரோடு சண்டை என்பான். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு நச்சரிப்பார். “இப்ப அவன் கையில இன்னா வெச்சிகினுகீறான்? அந்தப் பொம்பள யாரப் பாத்து மொறைக்கிறா?” திரையை மறைத்துக்கொண்டு என்னையே கேட்டால் நான் எங்கே போவது. எட்டி எட்டிப் பார்த்துச் சொல்வேன். ஆனாலும் கொலைகாரன் யாரென்று அந்தத் துப்பறிவாளனுக்கு முன்பே அத்தை சொல்லிவிடுவார். “இவன் தான். பேசச்சொல்லோ எச்சி முழுங்குறான் கேட்டியா.” பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும்.

அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அத்தைக்கு இந்தப் புத்தி வந்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் ஒரு கணம் மூக்கை உயர்த்துவார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாடை உண்டு என்பது இங்கே பிறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். காசிமேட்டுக்குப் போனால் மீன், தண்டையார்பேட்டை குடோன் பக்கம் போனால் மிளகாய் நெடி, எண்ணூர் என்றால் சாம்பல், மணலி என்றால் தலைவலி வரவைக்கும் அந்தக் காஸ் வாடை. தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை வைத்து யாரும் மருமகளை விசாரிப்பதில்லை.

என்னை விசாரித்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது. மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை இருப்பதாகத் தோழி சொன்னாள். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் சீல் எண்ணையும் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். சோற்றுக்கு இல்லாமல் அல்ல. அந்தக் கூடத்துக்குள் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. டிரெய்லர் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரோ, குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரை வேலைப் பேச்சே கூடாது என்று முடிவாகச் சொல்லியிருந்தார். ஆகவே ரேஷன் கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டு நேர்காணலுக்குப் போய்வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை கேட்டார். “மணலிக்கு இன்னாத்துக்குமே போன?”

ரேஷன் கடைக்குத்தான் போனேன் என்று மழுப்பினேன். இரவு மகனிடம் போட்டுக்கொடுப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். சொல்லாமல் இருந்ததுதான் என்னை அரித்தது. வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்து, வேறு வழியில்லாமல் நானே விஷயத்தை உடைத்தபோது, அவர் மகனைப் பார்த்து, “போவட்டும்டா நைனா, புள்ளய நான் பாத்துக்கறேன்” என்றார். மகனால் மறுத்துப் பேச முடியவில்லை. நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நானோ, இதில் இவருக்கு என்ன ஆதாயம் என்று கணக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து நான் அத்தையைக் கண்காணிக்கத் தொடங்கினேன். தொடர் எனக்கும்தான் பாடம் எடுத்திருந்ததே. சர்க்கரை டப்பாவைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், உப்பு டப்பாவைச் சுற்றி இரண்டு. நான் எவ்வளவு எடுக்கிறேன் என்று அடையாளம் வைக்கிறார் என்று தீர்மானித்தேன். தினமும் அந்த ரப்பர் பேண்டைத் தொட்டு, நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். டீ ஊற்றும்போது தம்ளருக்குள் விரலை விட்டுக்கொள்வார். நான் கழுவியது சுத்தமில்லை என்று குத்திக்காட்டுகிறார். மகளுக்கு ஒரு கொத்து மணி வைத்த கொலுசு வாங்கிப் போட்டு, குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்றார். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு நகை. எங்கள் தெரு முடியும் இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை. அதனால் நடக்கப் பழகிய பிள்ளைகளின் இடுப்பில் பழைய புடவையைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அத்தை மட்டும் மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். பிள்ளையைத் தன்னோடு ஒட்டவைத்து என்னைத் தூரமாக்கப் பார்க்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்து, அத்தை மேல் ஒரு முழு வழக்கே தயார் செய்துவைத்திருந்தேன். வெட்கக்கேடு, ஆனால் அப்போது என் புத்திசாலித்தனத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு முறை வேலை. டிரெய்லர்காரர்கள் திடீரென்று லாரிகளை நிறுத்திவிட்டார்கள். யார்டு கேட்டிலிருந்தே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். டீசல் வாடைகூட ஒட்டாமல் பகல் பதினோரு மணிக்கே வீடு திரும்பினேன். தெருமுனையில் அந்த யோசனை வந்தது. சொல்லாமல் போய் நிற்போம், நான் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று கையும் களவுமாகப் பிடிப்போம். செருப்பை ஓசையில்லாமல் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றேன். அத்தை மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இருவர் இடுப்பிலும் புடவை. மகள் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் நிழல் உள்ளே விழுந்ததும் அத்தை நிமிர்ந்தார். நாலு அடி தூரம். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

“யாரு?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் ஒரு அடி உள்ளே வைத்தேன். அவர் மூக்கை உயர்த்தினார். பிறகு சோற்றுக் கையாலேயே குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் வரைக்கும் நகர்ந்தார். மற்றொரு கை தரையைத் துழாவித் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டது. “யாருன்னு சொல்லு. உள்ள ஆம்பள தூங்கினு கீறான், கொரல் குடுத்தா வந்துருவான்.” உள்ளே யாரும் இல்லை. அவ்வளவு திடமான மனுஷி பயந்து நான் பார்த்ததே இல்லை. “அத்தை, நான்தான்” என்றேன். சொம்பைக் கீழே வைக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அப்போதே ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார். “கூடவே இருக்கிறீங்க, ஒருத்தருமா கவனிக்கல?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ரப்பர் பேண்டும் தம்ளர் விரலும் கொலுசுச் சத்தமும் ஒவ்வொன்றாக என் மண்டையில் இறங்கின. அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம். கண் தெரியாமல் என் பிள்ளையை லாரி ஓடும் சாலைக்குப் பக்கத்தில் எட்டு மாதம் வைத்திருந்திருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கடுப்பாகவே. அவர் என் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னார்.

“நீ என்னிய பாத்துகினே கீறது எனக்குத் தெரியாதா? பக்கத்துல வந்து நின்னு மூச்சு வுட்ற. டப்பாவத் தொட்டுத் தொட்டுப் பாக்குற. சரி, கண்டுபுட்ச்சிட்டா, இன்னிக்கி கேப்பா நாளிக்கி கேப்பான்னு குந்திகினு இருந்தேன். நீ வாயே தொறக்கல. அப்பால தான் புரிஞ்சிது. கேட்டா வேலய வுடணும், அதான் தெரியாத மேரி கீற. சரி, அவளே சொல்லல, நாம இன்னாத்துக்கு சொல்லணும்னு வுட்டுட்டேன்.”

சத்தியமாக எனக்குத் தெரியாது என்று சொன்னேன். குழந்தை மேல் ஆணையாக என்றுகூடச் சொன்னேன். “வுடும்மா” என்றார். அவர் நம்பவில்லை. அத்தை காலமாகி இப்போது இரண்டு வருடம் ஆகிறது. கடைசியிலாவது நம்பினாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் அவளை வளர்த்துக் கொடுத்தது யார் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். அவர் கண் போனது எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அடுத்த நாள் காலை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. திங்கட்கிழமை, லாரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. சோற்று டப்பாவைக் கட்டினேன், அத்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். புடவையின் ஒரு முனையை மகள் இடுப்பிலும் மறுமுனையை அத்தையின் இடுப்பிலும் நானே முடிந்துவிட்டு, வேலைக்குப் போனேன்.