தேவகனியின் மூக்கு

ஊசியைப் பிரிப்பதற்கு முன்னால் தேவகனி மூக்கை நீட்டுவாள். "எக்கா, வாயைத் தொறந்து ஒண்ணு ஊதுங்க." காலை ஏழு மணிக்கு இப்படி ஒருத்தி வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "நான் என்ன சாராயமா குடிச்சிருக்கேன்?" என்று சீறினாள் லீமா டீச்சர். சீறிவிட்டு ஊதினாள். சாயா, ரஸ்க் வாசனை. தேவகனி பெட்டியை மூடி, "நாளைக்கு வாறேன்" என்று படியிறங்கிவிட்டாள்.

தக்கலையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழு, மற்ற நாளெல்லாம் மொபெட்டும் ஐஸ் பெட்டியும். சர்க்கரைக்கு எடுப்பதுபோலவே வயதான பெண்களின் எலும்புக்கும் ரத்தம் எடுப்பாள். உடம்பில் பழைய எலும்பு கரைவதும் புதியது வளர்வதும் ஓயாமல் நடக்கிறது. கரைவது முந்திக்கொண்டால் அதன் துணுக்குகள் ரத்தத்தில் கூடும். விழுந்தால் ஒடியுமா என்று அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் வயிற்றில் ஏதாவது போய்விட்டால் அந்தத் துணுக்குகளைக் காட்டும் எண் இறங்கிவிடும். அதனால்தான் விடிந்ததும் வெறும் வயிற்றில் எடுப்பது.

இதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் 2012 வரை வாயால் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் குளச்சல் பக்கம் செசிலிக்கு எடுத்தாள். அறுபத்தாறு வயது, தலைச்சுமையாக மீன் விற்கிறவள். மணிக்கட்டு ஒருமுறை ஒடிந்திருந்ததால் டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனை. "ஏதாம் சாப்பிட்டியளா?" "ஒண்ணும் தின்னல்ல மக்கா." அவள் பொய் சொல்லவில்லை. மீன் ஏலத்துக்குப் போகுமுன் ஒரு செம்பு பழங்கஞ்சி குடிப்பது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. மத்தியானம் மீன்கறி ஊற்றித் தின்பதுதான் சாப்பாடு. எண் குறைவாக வந்தது. எலும்பு நன்றாக இருக்கிறதென்று டாக்டர் மாத்திரை எழுதவில்லை. அதிலிருந்து ஏழாம் மாதம் கூடையோடு வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு ஒடிந்தது.

கஞ்சி விஷயம் ஆஸ்பத்திரியில் செசிலியின் மகள் டெல்சி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. தேவகனி நேரே டாக்டரிடம் ஓடினாள். "ஒரு நம்பரை வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாதும்மா. மாத்திரை குடுத்திருந்தாலும் ஒடிஞ்சிருக்கலாம்" என்றார் அவர். இருக்கலாம். கேட்டுவிட்டு வந்தாளே தவிர மனசு ஆறவில்லை. அன்று பிடித்ததுதான் இந்த மூக்கு நீட்டும் பழக்கம்.

கஞ்சியால் எண் தப்பாக வந்ததைச் செசிலியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் சனிக்கிழமைதோறும் போகிறாள்; சொல்லாமலே திரும்புகிறாள். அவள் தலையணைக்கு அடியில் இருக்கும் அந்தச் சோதனைக் காகிதம்தான் நாக்கைக் கட்டிப்போடுகிறது. வருகிறவர்களிடமெல்லாம் செசிலி அதை எடுத்து நீட்டுவாள். "பாருங்க, எனக்க எலும்பு நல்ல எலும்பாக்கும். ரத்தம் எடுத்துப் பாத்தது. சீக்கிரம் கூடிரும், கேட்டியளா." விழுந்து ஒன்றரை வருஷமாயிற்று, கூடவில்லை. முதுகில் புண் வேறு. இனி அவள் எழுந்து நடக்கப்போவதில்லை என்பது அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை டெல்சி முதல் கரண்டிக் கஞ்சியை ஊட்டப் போனாள். தேவகனி வாசலில் தலை காட்டியதும் செசிலி கரண்டியைத் தள்ளிவிட்டாள். "இப்பம் வேண்டாம்டி. எலும்பு கூடியாச்சாண்ணு பாக்க ரத்தம் எடுக்கணும்லா. ஏ மக்கா, நீ இப்பம் வாயை மணத்திப் பாப்பியாமே? பாரு, ஒண்ணும் குடிக்கல்ல." வாயை அகலத் திறந்து காத்திருந்தாள்.

தேவகனி ஊசி கொண்டுவந்திருக்கவில்லை. டெல்சியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, திறந்திருந்த அந்த வாயில் கஞ்சியை ஊற்றினாள்.