ஆறு மணி மீட்டிங்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தினமும் யாராவது ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அவரைப் பேசவைக்க வேண்டும் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னார். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் நான்தான். தி. நகர் துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் என் மனைவி வீடு திரும்ப எட்டாகிவிடும்.

ஆபீஸ் காலண்டரில் மாலை ஆறிலிருந்து ஏழுவரை ப்ளாக் செய்துவைத்தேன். அந்த நேரத்தில் ஆபீஸ் மெசேஜ் எதுவும் வராமலிருக்க போனில் ஒரு செயலியும் போட்டுக்கொண்டேன். முதல் வாரம் நன்றாகவே போனது. மாடவீதி ஆட்டோக்களின் ஹார்னுக்கு நடுவே 'தண்ணி', 'சாதம்' என்று நான் சொல்ல, அப்பா உதட்டைக் கோணலாக அசைப்பார். சத்தம் வராது.

பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆறு மணிதான் வசதி என்றானது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று மேனேஜர் கேட்டார். அந்த ஒருநாள் தினமும் ஆனது. செயலி மெசேஜை நிறுத்தினால் அவர் போனிலேயே கூப்பிட்டுவிடுவார்.

ஒரு மாலை, மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சுவரைப் பிடித்தபடி அறைக்குள் வந்தார்.

"முடிஞ்சுதா?"

குழறல்தான், ஆனால் புரிந்தது. பக்கவாதம் வந்தபின் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"இல்லப்பா, இன்னும் கொஞ்ச நேரம்."

தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் திரையில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். பதில் சொன்னேன்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடையாற்றில் அவர் வீட்டில் குழந்தை அழுவது போனில் கேட்டது.

"நேரத்த மாத்தச் சொல்லி நானும் கேட்டுப் பாத்துட்டேன். என் கையில எதுவுமே இல்ல," என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பயிற்சியைக் காலையில் வைத்துப் பார்த்தோம். மாத்திரை மயக்கத்தில் அப்பா தூங்கி வழிந்தார். கடைசியில், மீட்டிங் நேரத்தில் அவரை என் பக்கத்திலேயே, கேமராவில் தெரியாதபடி உட்காரவைத்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் வரும் பேச்சை உற்றுக் கேட்பார். போன வாரம் அவருக்கு இன்னொரு சொல் வந்தது.

"ஓகே" என்றார்.

பயிற்சி தரும் பெண் சந்தோஷப்பட்டார். நானும் சிரித்துவைத்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு அதை மறுபடியும் சொன்னார்.