லொரெட்டாவும் ஞாபக மறதிக்காரர்களும்

அமெரிக்காவில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்தில் வக்கீல்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஏரிக்காற்று பனியை வாரிக் கொட்டி, கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற நாட்களிலும் இரண்டு வக்கீல்கள் எங்காவது உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஆட்சேபித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் பேசியதை எல்லாம் சுருக்கெழுத்து இயந்திரத்தில் அடித்தே என் விரல்கள் தேய்ந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அவர்களில் பாதிப் பேரை நம்பி ஒரு சாண்ட்விச் வாங்கிவரக்கூட அனுப்பமாட்டேன். லொரெட்டா கஸ்பர் அந்தப் பாதியில் சேர்த்தி இல்லை.

அவள் அப்பா கிழக்குப் பக்கத்தில் மதுக்கடை வைத்திருந்தவர். கல்லூரிக் காலம் முழுக்க அவள் அந்தக் கடையில்தான் பீர் ஊற்றினாள். குடித்துவிட்டு மல்லுக்கு நிற்பவனிடம் குரலை உயர்த்தினால் அவனுக்குக் கொண்டாட்டம், தாழ்த்தினால் போதை இறங்கிவிடும் என்பதை அங்கே கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். பிறகு பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, சாயங்காலம் சட்டப் படிப்பு. வக்கீல் ஆன பிறகும் துருப்பிடித்த பழைய கார்தான். மதியச் சாப்பாடு, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டு, மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரு பெப்பரோனி உருண்டை. அதையும் மேசையிலேயே தின்று முடித்துவிடுவாள்.

வழக்கு கோர்ட்டுக்கு ஏறும் முன்பே எதிர்த்தரப்புச் சாட்சியை ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்காரவைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பது எங்கள் நாட்டு நடைமுறை. அந்த அறையில் நீதிபதி இருக்கமாட்டார். சாட்சி, இரண்டு தரப்பு வக்கீல்கள், இயந்திரத்தோடு நான், அவ்வளவுதான். வாத்தியார் இல்லாத வகுப்பில் பையன்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் பெரிய பெரிய வக்கீல்கள் அங்கே செய்வார்கள். அந்தக் கூத்தில் முதல் ஆட்டக்காரன் ப்ரெஸ்காட் டில்லன்.

டில்லனைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வராது. மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன், அதனால் எதையும் சீக்கிரம் முடியவிட மாட்டான். சாட்சிக்கு ஜாடை காட்டுவான், முழங்கையால் இடிப்பான், இருமுவான். ஜாடையையும் இடியையும் என் இயந்திரம் அடிக்காது. யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அது பதிவில் ஏறும். அது தெரிந்துதான் அவனுக்கு அந்தத் தைரியம்.

ஐரீன் நோவிக்கி வழக்கில் ஐரீனுக்காக லொரெட்டாவும் கட்டடத்துக்காரர்களுக்காக டில்லனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐரீன் ரொட்டிக்கடையில் அடுப்படியில் நின்று வேலை செய்தவள். அவள் குடியிருந்த கட்டடத்தின் பின்பக்கப் படி இடிந்து விழுந்து இடுப்பு முறிந்தது. இனி அவளால் நின்று வேலை செய்ய முடியாது. கட்டடத்துக்காரர்கள் சொன்னது இதுதான்: படிக்குக் குறுக்கே சங்கிலி கட்டியிருந்தோம், எங்கள் மேனேஜர் டுவெய்ன் ஷுல்ட்ஸ் நேரில் கூப்பிட்டு எச்சரித்தார், அவள் மதிக்காமல் போனாள். சங்கிலியும் கிடையாது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை என்றாள் ஐரீன். அவள் சொல்லுக்கு எதிராக நின்றது டுவெய்னின் ஒற்றைச் சொல். ஊரில் பலர் அவனைத்தான் நம்பினார்கள். சர்ச்சில் ஐரீனின் சொந்த நாத்தனாரே, "சங்கிலியத் தாண்டிப் போனா விழாம என்ன செய்வா" என்று சொன்னாளாம். இடுப்பு முறிந்ததைவிட அதுதான் ஐரீனைத் தின்றது.

லொரெட்டா முதல் கேள்வி கேட்டாள். "அந்தப் படி ஆடுதுன்னு உங்ககிட்ட முன்னாடி யாராவது புகார் சொன்னாங்களா?"

டுவெய்ன் நேர்மையான முகத்தோடு வாயைத் திறந்தான். "ஆமா, அந்த மூணாம் மாடி..."

"ஆட்சேபம்," என்றான் டில்லன். "ஞாபகம் இருந்தா மட்டும் சொல்லுங்க."

டுவெய்ன் வாயை மூடித் திறந்தான். "ஞாபகம் இல்லீங்க."

லொரெட்டாவின் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் மேசையைக் குத்தியிருப்பார்கள். எனக்கே கை அரித்தது. அவளோ, "நன்றி, மிஸ்டர் டில்லன்," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மிஸ்டர் டில்லன் இப்போ சாட்சியோட முழங்கையைத் தொட்டார்ங்கிறது பதிவாகட்டும்."

"நான் எங்கம்மா தொட்டேன்? நாற்காலி நகந்துச்சு."

"நாற்காலி நகர்ந்ததும் பதிவாகட்டும்."

மத்தியானம் வரை இப்படியே போனது. அவள் கேட்பாள், அவன் "ஞாபகம் இருந்தா" என்பான், டுவெய்னுக்கு மறந்துபோகும். பழுது பார்த்தவர் பெயர் மறந்தது, பலகை வாங்கிய கடை மறந்தது, போன குளிர்காலமே மறந்தது. நடுவில் டில்லன் எழுந்தான். "ஒரு காப்பி குடிச்சிட்டு வர்றோம்."

"கேள்வி நிக்குது சார். பதில் வந்ததும் தாராளமா போங்க. காப்பிக்கு நானே பால் ஊத்தித் தர்றேன்," என்றாள் லொரெட்டா.

இடைவேளையில் கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். "ஏண்டி இப்படிப் பொறுத்துப் போற? ஜட்ஜுக்குப் போன் போடேன். அந்த ஆளைக் கிழிச்சிடுவாரு."

"போன் போட்டா நாளையிலேர்ந்து ஒழுங்கா நடந்துக்குவான்," என்றாள் கையைத் துடைத்தபடி. "எனக்கு அவன் இப்படியே இருக்கணும்."

திரும்பி வந்து அவள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு முதலில் புரியவில்லை. எதிரிக்குச் சாதகமான கேள்விகளாக இருந்தன.

"சங்கிலி கட்டினது யாரு, மிஸ்டர் ஷுல்ட்ஸ்?"

"ஞாபகம் இருந்தா," என்றான் டில்லன், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஞாபகம் இல்லீங்க."

"சங்கிலி இருந்ததா?"

"ஞாபகம் இருந்தா."

"இல்லீங்க, ஞாபகம் இல்லை."

"என் கட்சிக்காரர் ஐரீன் நோவிக்கிகிட்ட அந்தப் படியில போகாதீங்கன்னு நீங்க எப்பவாவது சொன்னீங்களா?"

அந்த இடத்தில் டில்லன் விழித்திருந்தால் அவன் கட்சி பிழைத்திருக்கும். ஆனால் அவன் வாய்க்குப் பழக்கம் ஏறிவிட்டது. "ஞாபகம் இருந்தா," என்றான்.

"ஞாபகம் இல்லீங்க வக்கீலம்மா."

"எதையாவது படிச்சா, யார்கிட்டயாவது கேட்டா, ஞாபகம் வருமா?"

"வராதுங்க."

கடைசியில் வழக்கம்போல நான் கேட்டேன், அடித்ததைச் சாட்சி படித்துப் பார்த்துத் திருத்துகிறாரா, விட்டுவிடலாமா என்று. டில்லன் கோட்டை மாட்டிக்கொண்டே, "அதெல்லாம் வேணாம், விட்டுடுங்க," என்றான். மறுப்பில்லை என்று டுவெய்னும் தலையாட்டினான். தலையாட்டலைப் பதிவாக்க, "வேண்டாம்" என்று வாயால் சொல்லவைத்தேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற ஒருவனை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதும் இல்லை.

விசாரணை நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். டுவெய்ன் கூண்டில் ஏறினான். டில்லன் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்தது. சங்கிலி பளபளவென்று வந்தது. ஐரீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது, அன்று அவள் போட்டிருந்த கோட்டின் நிறம், எல்லாம் வந்தது. ஐரீன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

லொரெட்டா எழுந்து, நான் அடித்த பக்கங்களை வாசித்தாள். கேள்வி, பதில், கேள்வி, பதில். குரலில் ஒரு ஏற்றமும் இல்லை. "அன்னைக்கு நீங்க சொன்னது இதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாங்க," என்றான் டுவெய்ன்.

"நன்றி," என்று உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேயாவது டில்லன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்போதும் ஓட்டைப் படகில் தப்பிக்க ஒரு வழி இருந்தது. ஆனால் டில்லனால் சும்மா இருக்க முடியுமா? துள்ளி எழுந்தான். "மிஸ்டர் ஷுல்ட்ஸ், அன்னைக்கு ஏன் ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்க? ஜூரிக்கு விளக்குங்க."

டுவெய்ன் குழப்பமாக அவனைப் பார்த்தான். பாவம், அவனுக்கு அது சிக்கலான கேள்வியாகத் தோன்றவில்லை.

"நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? 'ஞாபகம் இருந்தா'ன்னு நீங்க சொன்னா, ஞாபகம் இல்லைன்னு நான் சொல்லிடணும்னு."

ஜூரியில் ஒரு பெண் பேனாவை மூடிவைத்தாள். நீதிபதி டில்லனை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை அடிக்க இயந்திரம் இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

சாயங்காலம் ஜூரி திரும்பி வந்தது. கட்டடத்துக்காரர்கள் அஜாக்கிரதையாக இருந்தார்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்று வாசித்தார்கள். அடுத்து, ஐரீன் நோவிக்கி மேல் ஏதாவது தவறு உண்டா?

"இல்லை," என்று வாசித்தார் ஜூரியின் தலைவர்.

ஐரீன் லொரெட்டாவின் கையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தாள். லொரெட்டா எழுந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரரோட நாத்தனார் அங்கே பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. கடைசிப் பதிலைக் கொஞ்சம் சத்தமா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்ல முடியுமா?"

டில்லன் ஆட்சேபிக்க எழுந்தான். நீதிபதி அவனை உட்காரச் சொல்லிவிட்டு, ஜூரியின் தலைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.