குழியில் படுப்பவள்

எங்கள் பட்டறையில் அவளுக்குத் தொடைநடுங்கி என்று பெயர். வைத்தது நான்தான், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கதவைப் படாரென்று சாத்தினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். லிஃப்டில் ஏறமாட்டாள், எத்தனை மாடியானாலும் படிதான். இத்தனைக்கும் கட்டிய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதைச் சொல்லிக் கேலி செய்தால், "அவர் ஏறுறதே எனக்குப் பயம்க்கா" என்பாள்.

நாங்கள் செய்வது, இடிந்த கட்டடங்களுக்குள் தானாக ஊர்ந்துபோய் ஆள் தேடும் மீட்பு ரோபோ. பேச்சுத்தான் பெரிது, உருவம் ஒரு சூட்கேஸ் அளவு. முன்னால் கேமரா, விளக்கு, மைக், சின்ன ஸ்பீக்கர். பின்னால் வால் போல நீளமான கேபிள். அடியில் ஓடும் சங்கிலிப் பட்டையை மாட்டுவது என் வேலை, ஒயர் பற்றவைப்பது அவள் வேலை. அதற்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தோம்.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த கான்கிரீட்டைக் குவித்து, நடுவில் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி விட்டிருந்தோம். வாரம் ஒருமுறை யாராவது அதில் படுக்க வேண்டும், ஆமை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் படுத்தேன், தூங்கிவிட்டேன். எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டு அவளை அனுப்பினார். மேலே பலகையை மூடியதுதான் தாமதம், விம்மலும் விசும்பலுமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினாள். ஆமை நேராக அவளிடம் போய் நின்றது. எஞ்சினியருக்கு வாயெல்லாம் பல். இந்தம்மா நடிக்கவே வேண்டாம் என்றார். அன்றிலிருந்து குழி அவளுக்கே எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டது.

முடியாது என்று சொல்லித் தொலையேன் என்று அவளைத் திட்டியிருக்கிறேன். நாளைக்கு நிஜமாகவே ஒருவர் உள்ளே கிடப்பார் இல்லையா என்பாள். குழிக்கு முந்தின நாள் அவளுக்குச் சோறு இறங்காது. புருஷன் ஒரே வார்த்தைதான் சொல்வானாம்: பயப்படாதே. அவன் பதறி அவள் பார்த்ததே இல்லை. திருகாணியைக்கூட அளவு பார்த்து வரிசையாக அடுக்கிவைக்கிற மனுஷன்.

ஆமையில் ஒரு தொல்லை இருந்தது. நகரும்போது பட்டை டக் டக்கென்று ஒரே சீராக அடிக்கும், மைக்கில் வேறெதுவும் கேட்காது. அதனால் சீராக வரும் தட்டல் எதுவானாலும் ஆமை தானே கழித்துவிடும்படி எஞ்சினியர் அதற்குள் நிரல் எழுதினார். பிறகு அவள் விசும்பல் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. எல்லோரும் கைதட்டினோம்.

அப்புறம் ஒரு காலை, கடைத்தெருவுக்குப் பின்னால் காகிதக் கிடங்கு ஒன்று இடிந்து விழுந்தது. மீட்புக் குழு ஆமையைக் கேட்டது. வண்டியில் ஏற்றும்போதே அவள் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தக் கிடங்கின் சரக்கு லிஃப்டைப் பழுதுபார்க்கத்தான் அன்று அவள் புருஷன் போயிருந்தான். போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள், மணியே போகவில்லை.

கிடங்கின் முன்பக்கம் ஆட்களின் குரல் கேட்டது. லிஃப்ட் இருந்த பின்பக்கம் பேச்சு மூச்சில்லை. பின்பக்கம் ஆள் இல்லையென்றால் அங்கிருந்து பொக்லைனை விட்டு முன்னால் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் வழி எடுக்கலாம், இருந்தால் மொத்தமும் அவர் தலையில் இறங்கிவிடும் என்றார் மீட்பு அதிகாரி.

ஆமை பின்பக்கம் இறங்கியது. லிஃப்ட் குழிக்குச் சற்று முன்னால் ஒரு கான்கிரீட் பாளம் வழியை அடைத்துக் கிடந்தது. அதற்கு மேல் கேமராவுக்கு வேலையில்லை. அதிகாரி கையைத் தூக்க, தெருவில் இருந்த எஞ்சின்கள் எல்லாம் அடங்கின. வண்டியில் இருந்த ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் வரவில்லை. திரையில் ஒலிக்கோடு படுத்தே கிடந்தது. எஞ்சினியர் உதட்டைப் பிதுக்கினார். பொக்லைன் உறுமத் தொடங்கியது.

அவள் திரையை விட்டு நகரவில்லை. கத்தாதே, தூசி தொண்டைக்குள் போகும், ஒரே சீராகத் தட்டிக்கொண்டிரு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மீட்புக்காரர்கள் பட்டறைக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. வீட்டுக்குப் போய் அவனிடமும் ஒப்பித்திருக்கிறாள். சொன்னதைப் பிசகாமல் செய்கிறவன் அவன். அப்படித் தட்ட வராதது அவளுக்குத்தான். பயத்தில் கை தாறுமாறாகப் போகும்.

"சார், அவர் தட்டிக்கிட்டுத்தான் இருக்கார். ஆமைதான் அதைக் கழிச்சிருது" என்றாள்.

எஞ்சினியர் முகம் பேயறைந்ததுபோல் ஆயிற்று. ஆமையை வெளியே இழுத்து, நிரலை மாற்றி, மறுபடி இறக்க நேரமாகும். முன்பக்கம் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது, காத்திருக்க முடியாது என்றார் அதிகாரி. ஆமையின் ஸ்பீக்கர் வழியாக ஒரே ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். அவர் பொக்லைனை அணைக்கச் சொன்னார். அவள் வண்டியில் இருந்த மைக்கை எடுத்து வாயருகே பிடித்தாள்.

"ஏங்க, நான்தான். ஒரே சீரா தட்டாதீங்க, இங்க கேக்காது. நான் குழியில தட்டுறதைச் சொல்லிச் சிரிப்பீங்களே, அப்படித் தட்டுங்க. பயந்து தட்டுங்க."

கோடு அசையவில்லை. அவன் போய்விட்டான் என்றே நான் முடிவு கட்டினேன். அவள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க அருகில் போய் நின்றுகொண்டேன். என் கால்களே என் பேச்சைக் கேட்கவில்லை, யாரைத் தொடைநடுங்கி என்றேனோ.

கோடு துள்ளியது. ஒரு தட்டல், பிறகு ஒன்றுமில்லை, பிறகு படபடவென்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம், தாறுமாறாக. அதிகாரி ஓடிப்போய்ப் பொக்லைனின் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் கையாலேயே தோண்டுவது என்று கடப்பாரையோடு ஆட்கள் இறங்கினார்கள்.

அவள் மைக்கை விடவில்லை. "கேக்குதுங்க, கேக்குது. பயப்படாதீங்க" என்றாள், அவன் அவளிடம் சொல்வதுபோலவே.

தூசியில் கரகரத்த குரல் வண்டிக்குள் கேட்டது. "எனக்கு எப்பவுமே பயந்தான். நீ பேசிக்கிட்டே இரு."

முன்பக்கத்து ஆட்களை உயிரோடு எடுத்து, சாயங்காலம் அவனையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். அப்போதும் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், தொண்டையில் குரலே இல்லாமல்.