கலிச்சா அக்கா புகைபிடிக்கத் தொடங்கிய கதை

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண் சிகரெட் பிடிக்கத் தொடங்கினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். கலிச்சா அக்காவின் காரணம் ஒரு தாளில் அச்சடித்து எங்கள் தையல்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது.

பிஷ்கெக் நகரத்தின் வடக்கு ஓரத்தில், மூன்றாவது மாடியில், நாற்பத்திரண்டு பெண்கள் குளிர்காலக் கோட்டு தைக்கிறோம். துணி வெட்ட ஐந்து ஆண்கள். அக்காவுக்குக் காலர் வேலை. அவர் தைத்த காலர் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அடுத்த மெஷினில் உட்கார்ந்து குறை தேடியவள் நான்.

போன இலையுதிர் காலத்தில் ஆதிலெத் என்று புது மேலாளர் வந்தான். இருபத்தொன்பது வயது, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். அவன் பெயருக்கு நீதி என்று பொருள். பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, பிறந்த குழந்தையைப் பார்த்து என்ன தெரியும்? வந்த மூன்றாம் நாள் ஒன்பது விதிகளை ஒட்டினான். காலையில் ஒரு தேநீர், மாலையில் ஒரு தேநீர், ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம். கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை எடுத்துப் போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது விதி: புகைபிடிப்பவர்கள் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பால்கனிக்குப் போகலாம், போகாவிட்டால் கை நடுங்கித் துணி கெடும். ஆதிலெத்தும் புகைபிடிப்பவன் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பதாவது விதி: விதிகளை நின்று வாசிக்கும் நேரம் இடைவேளையில் கழிக்கப்படும்.

வெந்நீர்ப் பாத்திரம் இருப்பது கீழ்மாடியில். இறங்கி, வரிசையில் நின்று, ஏறி வரவே ஆறு நிமிடம் போய்விடும். மீதி ஒரு நிமிடத்தில் குடித்த தேநீர் தொண்டையைச் சுட்டதே தவிர வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததாக நினைவில்லை. நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுப்பதில் எங்கள் வரிசைக்கு ஈடு கிடையாது.

கலிச்சா அக்கா முணுமுணுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நேராக மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் நாங்கள் எல்லோரும் மெஷினை நிறுத்தினோம்.

"தம்பி, அந்தப் பட்டியல்ல என் பேரையும் எழுதிக்கப்பா."

"எந்தப் பட்டியல் அக்கா?"

"புகை பிடிக்கிறவங்க பட்டியல்."

"நீங்களா? எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து. கெட்ட பழக்கம்தான், என்ன பண்றது? கை நடுங்குது பாரு." கையை நீட்டி நன்றாக ஆட்டிக் காட்டினார். "நாளைக்கு காலர் கோணிப்போச்சுன்னா என்னைத் திட்டாத."

ஆணுக்கு மட்டும் என்று விதியில் எழுதவில்லையே. ஆதிலெத் பெயரை எழுதினான்.

பத்து மணிக்கு அக்கா பால்கனிக்குப் போனார். ஒரு கையில் பற்றவைக்காத சிகரெட், மறு கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க். அங்கே நின்ற ஐந்து பேரும் முகம் வெளிறிப் போனார்கள். தாய் வயதுப் பெண்ணுக்கு முன்னால் எங்கள் ஊரில் எந்த ஆண் புகைவிடுவான்? வெட்டுமேசைத் தலைவன் மேலிஸ் எரிகிற சிகரெட்டைச் சட்டைக் கைக்குள் மறைத்துச் சுட்டுக்கொண்டான்.

"புடிங்கப்பா, கூச்சப்படாதீங்க," என்று தேநீரை ஊற்றினார் அக்கா. "நாம எல்லாம் ஒரே கட்சிதானே இப்ப?"

"அக்கா, நீங்க உள்ள போனப்புறம் நாங்க..."

"நான் உள்ள போறப்ப உங்களுக்கும் நேரம் முடிஞ்சிரும் மேலிஸ்."

மறுநாள் நானும் பெயர் கொடுத்தேன். அந்த வாரக் கடைசியில் பட்டியலில் பத்தொன்பது பெண்கள். பால்கனியில் நிற்க இடமில்லை. போர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்துக் கொண்டுவந்தோம், பழப்பாகு கொண்டுவந்தோம். ஐந்து ஆண்களும் ஓரமாக நின்று, புகையில்லாமல், மரியாதையாகத் தேநீர் குடித்தார்கள். அவர்கள் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப் போல இருந்தது.

திங்கட்கிழமை ஆதிலெத் பால்கனி வாசலுக்கே வந்தான். "புகை பிடிக்கிறதுன்னா பத்தவைக்கணும்!"

அக்கா பற்றவைத்தார். பஞ்சு இருக்கும் பின்பக்கத்தைக் கொளுத்திவிட்டதால் நாற்றம் தாங்கவில்லை. அதை எறிந்துவிட்டு, இன்னொன்றைச் சரியான பக்கம் கொளுத்தி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அது தானாக எரிந்து முடியும்வரை வானத்தைப் பார்த்தார்.

"இழுக்கலையே?" என்றான்.

"பத்தவைக்கணும்னு மட்டும்தானேப்பா சொன்ன? இழுக்கறதுக்கும் தாள் ஒட்டு, படிச்சுப் பாக்கறோம்."

எங்களுக்கு இது விளையாட்டு. அக்காவுக்கு வீட்டில் விளையாட்டாக இல்லை. அவர் மகனுக்குத் தோக்மோக் என்ற ஊரில் பெண் நிச்சயமாகியிருந்தது. கலிச்சா சிகரெட் பிடிக்கிறாள் என்ற செய்தி அவருக்கு முன்னால் பஸ் ஏறி அங்கே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தாய் சாபிரா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ஐந்து வேளை தொழுகிறவர், தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். சாப்பிட்டு முடித்ததும், "சம்பந்தி, கொஞ்சம் வெளிய வாங்க, தனியா பேசணும்," என்றார்.

கல்யாணம் நின்றது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். கதவு சாத்தியதுமே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார்: ஏழு நிமிடம், சிவப்பு அட்டை, பட்டியல், பிளாஸ்க். சாபிரா முகத்தில் ஏமாற்றம் படர்ந்தது.

"அப்போ நெஜமா பிடிக்கிறதில்லையா?"

"சத்தியமா இல்ல சம்பந்தி!"

"அடப் பாவமே. நான் இருபது வருஷமா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சு பிடிக்கிறேன். ஒரு துணை கெடைச்சிருச்சுன்னு ஓடிவந்தேன்."

இதைச் சொல்லும்போது அக்கா சிரித்து மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். தோக்மோக் பக்கம் யாருக்கும் நான் இதுவரை சொல்லவில்லை.

அதற்குள் ஆதிலெத் ஐந்தாவது விதியைக் கோடு போட்டு அடித்துவிட்டான். இனி யாருக்கும் புகை நேரம் இல்லை. பெண்கள் அடங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டான், ஆண்களை மறந்துவிட்டான். அதுவரை எங்கள் ஏழு நிமிடத்தைப் பற்றி வாய் திறக்காத மேலிஸ் அன்று மத்தியானம் கத்தரியைக் கீழே வைத்தான். "கை நடுங்குது," என்றான். ஐந்து பேருக்கும் நடுங்கியது. துணி வரவில்லை, மெஷின்கள் நின்றன. இரண்டாம் நாள் முதலாளி அம்மா காரில் வந்து இறங்கினார்.

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினோம். அக்கா மட்டும் ஒரு காலித் தேநீர்க் கிண்ணத்தை முதலாளி அம்மா கையில் கொடுத்தார்.

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க ஒருதரம் கீழ போய் டீ எடுத்து வந்து குடிச்சு முடிங்க. தம்பி கடிகாரம் பார்க்கட்டும்."

முதலாளி அம்மா கனத்த உடம்பு, உயர்ந்த குதிகால் செருப்பு. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். ஆனால் அவரும் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர். போனார். மூச்சிரைக்க மேலே வந்தபோது கிண்ணத்தில் பாதி, சட்டையில் பாதி.

"எத்தனை?" என்றார்.

"எட்டரை," என்றான் ஆதிலெத், தரையைப் பார்த்து.

"நான் இன்னும் வாய் வைக்கலையே!"

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எல்லோருக்கும் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் என்றார். வெந்நீர்ப் பாத்திரம் மேலே வந்தது. சிவப்பு அட்டை உடனே போகவில்லை, புத்தாண்டுவரை தொங்கியது. ஆனால் முதலாளி அம்மா கார் ஏறிய மறுநாளே அக்காவைக் காலரிலிருந்து எடுத்து கோட்டுக்கு உள்துணி தைக்கும் வரிசைக்கு அனுப்பினான் ஆதிலெத். நேராக ஓட்டுகிற தையல், புதிதாக வந்தவளும் செய்வாள். அக்கா இடைவேளையில், தொங்கும் கோட்டுகளின் காலரைத் தடவிப் பார்ப்பார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவ்வளவு வருத்தத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

மார்ச்சில் முந்நூறு கோட்டு கோணல் காலரோடு கடைகளிலிருந்து திரும்பி வந்தது. தேநீர் நேரத்தில் ஆதிலெத் எங்கள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா... காலருக்குத் திரும்ப வர்றீங்களா?"

பழி தீர்க்கும் நேரம் வந்தது என்று நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். குறைந்தது ஒரு வாரம் கெஞ்சவிட வேண்டும் என்று மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அக்காவோ அரைக் கிண்ணத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, "எங்கேப்பா, காட்டு, எந்தப் பக்கம் இழுக்குது?" என்று அவன் பின்னால் போய்விட்டார்.

இன்னும் எட்டு நிமிடம் மீதி இருந்தது. நாங்கள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. முந்நூறு காலர் பிரித்துத் தைக்க வேண்டியிருந்ததே.