அண்ணனைச் சமைக்கிறவள்

நாற்பதைத் தொடப் போகிறவளை அண்ணன் இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். செல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். பாப்பா, காபி, பாப்பா, என் சட்டை எங்கே, பாப்பா, சின்னவனுக்குக் காது வலிக்குதாம், என்னன்னு பாரு. அடுப்படிக்கும் ஆபீசுக்கும் நடுவே அவளுக்கு மூச்சுவிட இருந்த ஒரே இடம், துணி காயப்போடும் மொட்டை மாடி. அங்கே ஈரப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து போன் வழியாக ஸ்பானிஷ் படித்தாள்.

சும்மா ஆசைக்கு ஒன்றும் படிக்கவில்லை. வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதுதான் அவள் வேலை. வெளியூர்க் கிளைக்கு ஸ்பானிஷ் பேச ஆள் தேடினார்கள். தங்க அறையும் தருவார்களாம். உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் அறை! அந்தத் தாழ்ப்பாளை நினைத்து நினைத்தே பாடத்தை உருப்போட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வினையைப் பெயரோடு ஒட்டவைக்கும் இந்தக் 'கெ'யும் 'கியென்'னும் வந்து வழியை மறிக்கும்வரை. நமக்கென்ன, 'நான் வேலை பார்க்கிற முதலாளி' என்றால் முடிந்தது. முதலாளியிடமா, முதலாளிக்காகவா என்று எந்த மகராசனும் கேட்கமாட்டான். ஸ்பானிஷ் விடாது. அவரோடா, அவருக்காகவா, அவரில்லாமலா என்பதை முதலில் சொல், அப்புறம் ஆளுக்குரிய 'கியென்' போடு என்னும். அவளோ 'நான் சமைக்கிற அண்ணன்' என்று தமிழிலேயே யோசித்து, வெறும் 'கெ'யைப் போட்டு, "மி எர்மானோ கெ கொசினோ" என்று ஒப்பித்தாள்.

போனில் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயையோ! நீங்க அண்ணனுக்குச் சமைக்கலைங்க, அண்ணனையே சமைக்கிறீங்க! 'பாரா கியென்' போடுங்க. அவருக்காக."

அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

வாய்மொழித் தேர்வில் வீட்டு மனிதர்களைப் பற்றிக் கேட்டார்கள். யாருக்காகச் சமைக்கிறாளோ அந்த அண்ணன், யாரோடு துணி மடிக்கிறாளோ அந்த அண்ணி, யாருக்காகக் கண் விழிக்கிறாளோ அந்தப் பிள்ளைகள். ஒரு பிழை இல்லை. இத்தனை காலம் மூடிக் கிடந்ததை வேற்று மொழி ஒன்று வந்து புட்டுப் புட்டு வைத்துவிட்டதே! எல்லாம் அவர்களுக்காக, அவளுக்காக என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

தேறிவிட்டாள். உடனே வந்து சேரச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தை எடுத்தாள்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருப்பாள்.

"தாராளமா போ பாப்பா. பெரியவளுக்குப் பரீட்சை மட்டும் முடிஞ்சிரட்டும்."

"நீ இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிடி" என்று அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

போன தடவை கிளம்பப் பார்த்தபோது அண்ணிக்குச் சின்னவன் பிரசவம். அதற்கு முன்னால் அண்ணனின் ஆபரேஷன். பரீட்சை முடிந்ததும் வேறொன்று வரும், அவளுக்குத் தெரியாதா? 'நாளைக்கே போறேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அண்ணியின் பாழாய்ப்போன கண்ணீர் அதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டது.

"சரிண்ணே" என்றாள். அந்த இடம் காத்திருக்காது என்று தெரிந்தே சொன்னாள்.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவ்வளவு படிச்சியே, எங்க, என்னைப் பத்தி அந்த பாஷையில ஏதாவது சொல்லு, பாப்போம்."

"மி எர்மானோ கெ கொசினோ."

"அடேங்கப்பா! அப்படின்னா?"

"அண்ணனுக்காகச் சமைக்கிறேன்னு அர்த்தம்ணே."

அவருக்கு வாயெல்லாம் பல். "உண்மைதானே!" என்று தட்டை நீட்டினார். அவள் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டாள்.